கண்டாக்கு பார்த்த கண்கொத்திப் பாம்பு

இன்று காலை கடைக்குப் போகும் வழியில் பார்த்தேன். கொழுந்து எடுக்க வந்த பெண்கள் ஒரு நிரைக்குள் இறங்காமல் நின்றார்கள். தேயிலைச் செடியில் பச்சையாக ஒரு பாம்பு.

வேலையை மேற்பார்க்கும் புதுக் கண்டாக்கு தூரத்தில் நின்றே படம் பிடித்து, போனைத் தட்டிப் பார்த்தார்.

"கண்கொத்திதான், விஷமில்ல. எறங்குங்க."

படத்தை நானும் வாங்கிப் பார்த்தேன். முக்கோணத் தலை, கண்ணுக்குப் பின்னால் கறுப்புக் கோடு, தடித்த பச்சை உடம்பெல்லாம் கறுப்புத் திட்டு. கண்கொத்தி கயிறு போல மெலிந்திருக்கும், மூக்கு ஊசியாக இருக்கும். இது பச்சை விரியன். கொழுந்து கிள்ளும் கையைத்தான் கடிக்கும்.

சொன்னேன்.

"தாத்தா எத்தனாம் வகுப்பு படிச்சீங்க?" என்று சிரித்தார்.

"அஞ்சு. நீங்க பெரிய படிப்பு, தம்பி. மொதல்ல நீங்க கைய விட்டுக் காட்டுங்க."

பாம்பை முதலில் கண்ட ராணி, தன் கூடையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்த நெரையில கொழுந்து இன்னும் எளசுதான். மேல போங்க."

இதே நிரையில் கொழுந்து முற்றிப்போகிறது என்று நேற்றுக் கத்தியவரும் இவர்தான்.

பாம்பைக் கண்டால் முற்றிய கொழுந்து இளசாகுமா? தேயிலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.