டேப் வேண்டாம் என்ற சீட்டுகள்

மூன்றாம் செமஸ்டர் வரை எங்கள் வகுப்பில் நோட்ஸ் என்றால் என் நோட்ஸ்தான். பாரிவாக்கம் பக்கம் இருந்த எங்கள் கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில் வகுப்பிலேயே நல்ல நோட்டு எதுவோ அதைக் கடைக்காரர் பாய் வாங்கி வைத்துக்கொள்வார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் நகல் போட்டுத் தருவார். மூன்று தடவையும் அங்கே இருந்தது என்னுடையது. நான் வகுப்புப் பிரதிநிதி என்பதால், "பாய், ரெப் நோட்டு ஒண்ணு போடு" என்று கேட்பார்கள். அதைக் கேட்க எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது.

நான்காம் செமஸ்டரில் அவள் வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தவள். அப்பாவுக்கு அம்பத்தூர் ஐடி கம்பெனியில் வேலை கிடைத்ததால் குடும்பமே இங்கே வந்துவிட்டது. அவள் கையில் ஒரு டேப், அதில் எழுத ஒரு தனிப் பேனா. மேடம் பாடத்தை முடித்து வாசலைத் தாண்டுவதற்குள் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் பிடிஎஃப் வந்து விழும். படத்துக்கு ஒரு கலர், சூத்திரத்துக்கு ஒரு கலர். போதாதற்கு எல்லாரையும் "வாங்க, போங்க" என்பாள். "நம்மளையும் ஒருத்தி வாங்கன்றா, பாரு மாமே!" என்று பின்பெஞ்சுப் பையன் உருகிப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த செமஸ்டரின் முதல் இன்டர்னல் பரீட்சை வந்தபோது பாய் என் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"யாரும் கேக்கலம்மா. எல்லாம் போன்லயே பாத்துகினு கீறாங்க. நீ எடுத்துகினு போய்டு."

வாங்கிக்கொண்டு வந்தேன். கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகும்வரை வயிறு எரிந்தது. கை வலிக்க எழுதுகிறவள் நான், பேர் அவளுக்கா? டேப் இருந்தால் நான்கூடத்தான் கலர் கலராக எழுதுவேன். அந்தச் சனியனைப் பிடுங்கி வைத்தால் அம்மணி என்ன செய்கிறாள் பார்க்கலாம்!

கடவுள் என் பக்கம் இருப்பதாகவே நினைத்தேன், ஏனென்றால் அடுத்த வாரமே துறைத் தலைவர் மேடம் என்னைக் கூப்பிட்டார். வகுப்பில் போன், டேப், லேப்டாப் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாருடைய கருத்தையும் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வா என்றார்.

மதிய இடைவேளையில் வாங்கினேன். முக்கால்வாசிப் பேர் வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். "மேடம் போர்டை அழிக்கிற வேகத்துக்குப் போட்டோ எடுத்தால்தான் உண்டு" என்று ஒன்று. "போன் இருந்தால் தூங்க மாட்டோம்" என்று ஒன்று. புத்தகம் வாங்க வழியில்லை, போனில்தான் படிக்கிறேன் என்று ஒரு சீட்டு சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்ததும் மனசு ஒரு கணம் தயங்கியது. ஒரு கணம்தான்.

மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நீயே படிச்சுச் சொல்லும்மா, பெரும்பாலும் என்ன எழுதியிருக்காங்க?" என்றார்.

வேண்டாம் என்ற ஆறு சீட்டுகளை மட்டும் உருவி எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசியாகப் படித்தது என்னுடையது: ஒருவரிடம் மட்டும் விலை உயர்ந்த கருவி இருந்தால், கையால் எழுதுகிறவர்களின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறது.

"யார் எழுதினதோ, ரொம்பச் சரி" என்றார் மேடம். "மத்ததெல்லாம்?"

"எல்லாம் இதே மாதிரிதான் மேடம்."

மறு திங்கட்கிழமை வகுப்புக் கதவோரம் துணிப் பை ஒன்று தொங்கியது. வரிசை எண் போட்ட சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். போனை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். டேப் மேடத்தின் பீரோவுக்குப் போனது. எல்லாரும் மேடத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

அன்று அவள் என்னிடம் திரும்பி, "பேனா இருக்குங்களா?" என்று கேட்டாள். என்னிடம் மூன்று இருந்தன. மை தீரப்போகிறதைக் கொடுத்தேன். ஆமாம், அவ்வளவு அற்பமாகத்தான் இருந்தேன்.

செமஸ்டர் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடை வாசலில் எங்கள் வகுப்பே நின்றது. பாய் மெஷினிலிருந்து சுடச்சுட நகல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா ரெப்பு! புதுப் பொண்ணு நோட்டு கொண்டாந்து குடுத்துச்சு. எழுத்து அச்சடிச்ச மாதிரி கீது பாரு!"

பார்த்தேன். கையால் எழுதியது, கறுப்பு மை, கலர் இல்லை. டேப்பில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. நான் அரைப்பக்கம் இழுத்திருந்த விஷயத்தை அவள் நாலு வரியில் முடித்திருந்தாள்.

கூட்டத்திலிருந்து அவளே வந்தாள். "அன்னிக்குச் சீட்டுல நானும் டேப் வேண்டாம்னுதாங்க எழுதியிருந்தேன். டேப்ல எழுதினா எனக்கு மனசுல நிக்கறதில்லை. எல்லாரும் கேக்கறாங்களேன்னு போட்டுட்டு இருந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "மூணாவது யூனிட் நடத்தினப்ப ரெண்டு நாள் நான் லீவுங்க. உங்க நோட்டு கெடைக்குமா?"

"வீட்ல கீது" என்றேன். பை என் தோளில்தான் இருந்தது.

"பரவால்லைங்க" என்று சிரித்தாள். தன் நகல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தப்பாவது சிக்காதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் யூனிட்டில் ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: "இந்தப் பகுதிக்கு நம்ம ரெப்போட நோட்டைப் பாருங்க. கேட்டா குடுப்பாங்க."

வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லார் கைக்கும் அந்தப் பக்கம் போயிருந்தது.