பூண்டுக் கொட்டகையில் கசிந்த மெமரி

பள்ளங்கி என்ற மலைக்கிராமத்தில், பூண்டு விவசாயம் செய்யும் ஓர் அக்காவின் கொட்டகைக்குள் நுழைந்ததும் பரணில் தொங்கிய விதைப்பூண்டைத் தொட்டேன். சுட்டது. பூண்டு கெடாமலிருக்கக் கீழே புகை போடுவார்கள். சூடு ஏறினால் விசிறியைச் சுழற்ற வேண்டியது, பரணைப் பார்க்கும் ஒரு கேமராவோடு நான் பொருத்திக் கொடுத்த சின்னக் கம்ப்யூட்டர். விதை வெந்தால் அடுத்த நடவுக்கு அவர்களிடம் ஒன்றுமில்லை.

“உங்க மிசினு மறுபடியும் மலைச்சுப் போயி நிக்குது தம்பி,” என்றார் அக்கா. கம்ப்யூட்டர் ‘ஹேங்’ ஆவதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

கதவைத் திறந்துவிட்டு, மிஷினை மறுபடி கிளப்பி, லேப்டாப்போடு உட்கார்ந்தேன். என் புரோகிராம் பிடித்திருந்த மெமரி கொஞ்சம்தான். ஆனாலும் மிச்சமிருந்தது குறைந்துகொண்டே போனது. அப்படியென்றால் விழுங்குவது எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கெர்னல். வீடியோ பார்த்தே தொழில் பழகிய நான் அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை. டிரேஸ் கருவியை ஓடவிட்டேன். கெர்னல் யாருக்காக மெமரியை எடுக்கிறது, எப்போது திருப்பி விடுகிறது என்று அது வரிவரியாகக் காட்டும்.

திடீரென்று, கேமராவை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராமின் பெயரில் மெமரியைப் பெரிய பெரிய துண்டுகளாக எடுத்த வரிகள் வந்தன. முன்பு எடுத்ததை விட்டதாக ஒரு வரிகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கேமரா ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“புகை போடுறப்ப அதுக்கும் கண்ணு எரியும்ல? புடுங்கி வச்சிட்டு, தணிஞ்சதும் மாட்டி விடுவோம். வீட்டுல எல்லாருமே அப்படித்தான்.”

ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் பழைய மெமரி அப்படியே தங்கிவிட்டிருக்கிறது. மாட்டும்போது புதிதாக எடுத்திருக்கிறது. அப்படி மெமரி தீர்ந்துதான் மிஷின் நின்று, விசிறி சுற்றாமல் போயிருக்கிறது. விளக்கிச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப வெதைய நாங்கதான் வேக வச்சமா?”

“இல்லக்கா. புடுங்குனா எடுத்தத விட்டுட்டுப் போறது அந்த டிரைவரோட சோலி. அது விடல.”

டிரைவரின் நிரலைத் திறந்தேன். கழற்றும்போது ஓடும் பகுதியில், மெமரியை விடச் சொல்லும் வரியே இல்லை. விட்டுப்போனது ஒரே ஒரு வரி. நம்பமுடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை எழுதிச் சேர்த்து, அக்காவையே பிடுங்கி மாட்டச் சொன்னேன். இந்த முறை எடுத்ததெல்லாம் திரும்பி வந்தது. விசிறியும் சுற்றியது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. பூண்டுகளை எடுத்து, பல்லைக் கிள்ளிப் பிளந்து, உள்ளே பச்சைக் குருத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுப்புக்கு நேரா தொங்குனது போச்சு தம்பி. ஓரத்துல கெடக்குறது உசுரோட இருக்கு.”

ஓரத்தில் இருந்தது பாதிக்கும் குறைவு.