டாக்டர் ரூமில் மஸ்டர்

எங்க வீட்டுக்காரர் ஷிபுவைப் பத்திச் சொல்லணும்னா எனக்குக் கோவத்துல இருந்துதான் தொடங்க வரும். கொச்சி மட்டாஞ்சேரியில கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. தாத்தா காலத்துலயே தமிழ்நாட்டுல இருந்து வந்த குடும்பம். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனா தன் நோவை இன்னொருத்தர் முன்னால காட்டமாட்டார். அதுதான் எங்க குடும்பத்தைப் பிடிச்ச சனி.

அவருக்குக் கழுத்து வெட்டும். வலது பக்கமா ஒரு சொடுக்கு, கூடவே தொண்டையில இருந்து 'ஹேக்'னு ஒரு சத்தம். சின்ன வயசுல இருந்தே உண்டு. வேணும்னே பண்றான்னு ஸ்கூல்ல டீச்சர்மார் அடிச்சிருக்காங்க. மாமியார் சரோஜம்மா கூட்டிட்டுப் போகாத கோயில் இல்ல. இது மூளையில இருந்து வர்ற நோவு, 'டிக்'னு பேருன்னு ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுக்குள்ள அவருக்கு மீசை நரைக்க ஆரம்பிச்சிருச்சு.

அதுல ஒரு கூத்து என்னன்னா, கொஞ்ச நேரம் அடக்கி வெக்கலாம், தும்மலை அடக்கற மாதிரி. அடக்கினதெல்லாம் பிறகு மொத்தமா வெளிய வரும். இவர் அதுல பெரிய ஆளு. காலையில மஸ்டர்னு ஒண்ணு உண்டு, பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரிச்சு விடறது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் முன்னால வரிசையா நிக்கணும். மாமனார் தங்கையாவுக்கும் அதே வேலைதான். 'சார் முன்னால ஆடாம நில்லுடா, இல்லேன்னா வேலை போயிரும்'னு மகனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டார். இவரும் சுவர் மாதிரி நிப்பார். பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் லாரிக்குப் பின்னால போய் எல்லாத்தையும் வெட்டித் தீர்ப்பார். 'ஷிபு இப்பத்தான் மஸ்டர் நோட்டுல ஒப்புப் போடறான்'னு கூட்டாளிங்க கேலி பண்ணுவாங்க.

என்னைப் பெண் பார்க்க வந்தப்பவும் மஸ்டர்தான். சாயா குடிச்சு, பழம்பொரி தின்னுட்டு, பச்சப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலதான் எனக்கு விஷயமே தெரிஞ்சது. ஏமாத்திட்டீங்களேன்னு அழுதேன். 'உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்'னார். அன்னிக்கே நாலு வார்த்தை நல்லா கேட்டிருக்கணும். விட்டுட்டேன்.

போன வருஷம் வலது கை விரல் மரத்துப்போச்சு. பிடிச்ச துடைப்பம் நழுவுது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, வெட்டி வெட்டியே கழுத்தெலும்பு தேஞ்சு நரம்பை அமுக்குது. இப்படியே போனா கை போயிரும், அப்புறம் காலும் போகும்னாங்க. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா கழுத்து முதல்ல அடங்கணும், அடங்காத கழுத்துல கத்தி வெச்சா உள்ளதும் போயிரும்னு சொல்லிட்டாங்க. மாத்திரை தின்னு தூங்கினதுதான் மிச்சம். கடைசியா எர்ணாகுளத்துல ஒரு ஆஸ்பத்திரியில காந்த சிகிச்சை இருக்குன்னு அனுப்பினாங்க. தலை உச்சியில காந்தச் சுருளை வெச்சு மூளையில தட்டுவாங்களாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது, பார்க்கலாம்னுதான் அங்கேயும் சொன்னாங்க.

அங்கே டாக்டர் அதிதி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். முதல் நாள் கேமரா வெச்சு, கழுத்து எவ்வளவு வெட்டுதுன்னு பார்த்தாங்க. புது இடம், இவரால அடக்க முடியல, வெட்டித் தள்ளிட்டார். 'கவலைப்படாதேங்கோ ஷிபு அண்ணா, நம்மளால ஆனதைப் பார்க்கலாம்'னு அவங்க முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. போச்சு. நம்ம பாஷை பேசற பொண்ணு, எவ்வளவு மரியாதைன்னு மனுஷன் உருகிட்டார். அடுத்த நாள்ல இருந்து மஸ்டர் தொடங்கிருச்சு.

மெஷின் ஓட்டற நிகில், தலையை ஆட்டாதீங்க சேட்டான்னார். எனக்கு வந்ததே கோவம். தலை ஆடுதுன்னுதானே வந்திருக்கோம்? ஆடினா பரவாயில்ல சேச்சி, நிறுத்திட்டுத் திரும்ப வெக்கலாம்னு அவரே சமாதானம் சொன்னார். ஆனா இவர் ஆடவே இல்ல. டக் டக் டக்னு மெஷின் தலையில அடிக்குது, கண்ணுல தண்ணி முட்டுது, ஆள் அசையல. டாக்டர் கேமராவோட வந்தாலும் அதே கதைதான். திரும்பி வர்ற பஸ் தேவரா ஸ்டாப் தாண்டறதுக்குள்ள ஆரம்பிச்சிரும். சீட்டே ஆடும். பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போயிருவாங்க. நான் ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுல ஒண்ணும் குறையல டாக்டர்னு நானும் சொல்லிப் பார்த்தேன். 'அவ சும்மா பயந்து பேடிக்கிறா, நல்ல குறைவுண்டு'ன்னு இவர் பின்னால இருந்து சொல்றார். கேமராவும் அவர் பக்கம். அப்புறம் என் பேச்சு எங்கே எடுபடும்?

கடைசி நாள் காலையில கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். இன்னிக்கு ஒரு நாள் அடக்காதீங்க, உங்க கை போயிரும்னேன். சரின்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணார்.

"எப்படி இருக்கேள் ஷிபு அண்ணா?" டாக்டர் கேட்டாங்க.

"நல்ல சுகம் டாக்டர்."

கேமரா ஓடிச்சு. இவர் சுவர் மாதிரி உட்கார்ந்தார். டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நிறைய அடங்கியிருக்கு. கழுத்து ஆபரேஷனுக்கு எழுதிடறேன்"னு பேனாவை எடுத்தாங்க.

டாக்டர் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்து கதவைச் சாத்தினேன். என்னம்மா இதுன்னாங்க. ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க டாக்டர்னேன்.

உள்ளே கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் 'ஹேக்'. இன்னொண்ணு. பிறகு நிக்கவே இல்ல. நாற்காலி தரையில இழுபடற சத்தம், எதுவோ சுவத்துல இடிக்கற சத்தம். டாக்டர் கதவைப் பார்த்தபடி நின்னாங்க.

"எப்போலேருந்து?"

"ரெண்டாம் நாள்ல இருந்து. உங்க மனசு நோகக்கூடாதாம்."

"அப்போ இந்தச் சிகிச்சை கேட்டுதா இல்லையான்னே எனக்குத் தெரியாதே"ன்னாங்க. பேனாவை மூடிப் பையில வெச்சுட்டாங்க. எனக்கு மூச்சு வந்தது. அதோட அழுகையும் வந்தது. இத்தனை நாள் அலைச்சலும் பாழ், இனி திரும்ப முதல்ல இருந்து.

சத்தம் அடங்கிச்சு. கதவைத் திறந்து அவரே வந்தார். முடியைச் சீவி, காலரைச் சரி பண்ணி, மரத்த கையை இடது கையால பொத்திக்கிட்டு நின்னார். நான் அழறதை அவர் பார்க்கவே இல்ல.

"நல்ல சுகமுண்டு டாக்டர்"னார்.