மாமா வீட்டுக் கதவுகள்

பிற்காலத்தில் கிண்ணங்கள் பல வென்றேன். ஆயினும், ஆறாம் வகுப்பில் பம்பலப்பிட்டி மண்டபமொன்றில் வென்ற முதற் கிண்ணத்துக்கு ஈடாக எதனையும் நான் கருதுவதில்லை.

யுத்த காலம். வெள்ளவத்தையில் மாமா வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஷெல் குண்டு விழுந்து பெற்றோரை இழந்த பெரியம்மா மகனும் எங்களோடு வந்து சேர்ந்தார். அவருக்குப் பதினாறு வயது. அவருடைய கட்டிலின் கீழ் இருமல் மருந்துப் பாணிப் போத்தல்கள் வெறுமையாகக் கிடப்பதை மாமா கண்டுவிட்டார். போதைக்காகவே அண்ணா அதைக் குடிக்கிறார் என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை.

"அண்ணாவுக்கு இருமல். வத்தளையில ஒரு ஹொஸ்டல்ல விடப்போறம். அங்க காத்து நல்லம்" என்றார் அம்மா, என் முகத்தைப் பாராமல். ஞாயிற்றுக்கிழமை பயணம் என்று மாமா தீர்ப்பளித்திருந்தார்.

அதற்கு முதல்நாள் எனக்கு விவாதப் போட்டி. போதைக்கு அடிமையான இளையோர் தண்டனைக்குரியோரா, இரக்கத்துக்குரியோரா என்பது பொருள். திருவுளச்சீட்டில் எங்கள் அணிக்கு விழுந்தது இரக்கம். மேசையில் அறைந்து முழங்கக் காத்திருந்த எனக்கு அது பெரும் ஏமாற்றம்.

அண்ணாதான் கடற்கரைத் தண்டவாளத்தருகே எனக்குப் பயிற்சி தந்தார். ரயிலை மீறிக் குரல் எழவேண்டும் என்பது என் பிடிவாதம். ரயில் கடக்கும்போதெல்லாம் அவர் கண்களை இறுக மூடினார். என் பேச்சில் லயித்துவிட்டார் என்றெண்ணி மேலும் முழங்கினேன்.

"குரல் இருக்கு பிள்ளை, ஆள் இல்லையே" என்றார். "அவன் ஏன் குடிக்கிறான்?"

"கூடாத சிநேகிதம்."

அவர் சிரித்துவிட்டார். "உங்கட டீச்சர் சொன்னவவோ? கதவு அடிபட்டாலும் அவனுக்கு ஷெல்தான். குடிச்சால் மட்டும் கதவு கதவாக் கேட்கும்."

என்ன அருமையான கற்பனை என்று வியந்து, அதனை அப்படியே மனனம் செய்துகொண்டேன்.

மேடையில், முன்வரிசையில் பார்வையாளரோடு இருந்த மாமாவை நோக்கிக் கையை நீட்டினேன். "நடுவர் அவர்களே! கதவைக் கதவாகக் கேட்பதற்கே அவன் குடிக்கிறான். அவனை வெளியே தள்ளி நீங்கள் சாத்தும் கதவின் ஓசையை அவன் எங்ஙனம் தாங்குவான்?" இறுதி வாக்கியம் என் சொந்த ஆக்கம். மண்டபம் அதிர்ந்தது. மாமா மட்டும் கைதட்டாமல் குனிந்திருந்தார்.

ஞாயிறு காலை, வாசலில் இருந்த அண்ணாவின் பையை மாமாவே அறைக்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

"இருமல் இஞ்சையும் மாறும்" என்றார் அம்மாவிடம்.

பின்னர், பழைய ரப்பர் செருப்பொன்றைத் துண்டுகளாக வெட்டி, கதவு நிலை ஒவ்வொன்றிலும் பசையிட்டு ஒட்டினார்; ஆணியறையச் சுத்தியலைத் தொடவேயில்லை. அண்ணாவின் போத்தல்கள் ஒழிய நெடுங்காலம் எடுத்தது. எனினும் அவர் எங்களோடுதான் இருந்தார்.

நானோ, கிண்ணம் வென்ற பேச்சாளரின் பயிற்சிக்கு இடையூறு நேராதிருக்கவே மாமா வீட்டை அமைதியாக்கினார் என்று நம்பினேன். வருவோர்க்கெல்லாம் கதவை வேகமாகச் சாத்திக் காட்டி, சத்தம் வராததைக் கண்டு அவர்கள் வியக்கவேண்டுமெனப் பெருமிதத்தோடு நின்றேன்.