சாமிக்கும் இல்லாத பூ

மார்க்கெட் பூக்காரர்களின் பிள்ளைகளுக்கு நிதி திரட்டத்தான் எங்கள் மைசூர் மழலையர் பள்ளியில் பூ விளையாட்டு வைத்தோம். தொட்டி தொட்டியாக மல்லிகையும் சாமந்தியும். எங்கள் பிள்ளைகள் அள்ளி வீசினார்கள், கசக்கினார்கள், மிதித்துக் குதித்தார்கள்.

ஒரு பூக்காரம்மாவின் மகளும் விருந்தாளியாக வந்திருந்தாள். அவள் மட்டும் ஒதுங்கி நின்றாள். மைக்கும் கையுமாகப் போய் மல்லிகையை அவள் மூக்கருகே நீட்டினேன்.

"மோந்து பாரு கண்ணு."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "மோந்தா சாமிக்கு ஆகாது மிஸ். அம்மா வைவாங்க."

மைக்கில் கேட்டுக் கூடமே சிரித்தது. நானும்தான். "இது சாமிக்கில்லம்மா, சும்மா விளையாட," என்றேன்.

கடைசியில் நசுங்கிய பூவையெல்லாம் ஆயா குப்பை மூட்டையில் அள்ளும்போது அவள் என்னிடம் வந்தாள்.

"சாமிக்கும் இல்ல, தலைக்கும் இல்ல. அப்புறம் யாருக்கு மிஸ் வாங்கினீங்க?"

அவளுக்காகத்தான் என்று அவள் தலைக்கு மேலேயே பேனர் கட்டியிருந்தோம். அதை வாயால் சொல்ல எனக்குக் கூசியது.