சட்டையில் மினுங்கிய மாவு

வாழைப்பழம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. தயிர் செய்யவில்லை. வெள்ளரிக்காய் செய்யவில்லை. இப்போது எவ்வளவு கத்திச் சொன்னாலும் அன்று எனக்குக் கிடைக்காமல் போன தயிர்ச்சோறு திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் சொல்லத்தான் செய்வேன்.

எனக்கு ஆறு வயது முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. மைசூரில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. முன்னால் இரண்டு அறை, பின்கட்டில் குளியலறை, சந்தின் வழியாகவே பின்கட்டுக்குப் போக ஒரு தகரக் கதவு. பகலில் நான் நன்றாக இருப்பேன். பள்ளிக்கூடம் போவேன், ஓடுவேன், சண்டை போடுவேன். சாயங்காலம் ஆனால் மூக்கு அரிக்கும், கண் சிவக்கும், நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து விசில் அடிப்பார்கள். அம்மா அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, மூச்சு மருந்து அடிக்கும் பம்பை என் வாயில் வைத்து அழுத்துவாள்.

வியாதி எனக்கு. யோசனை ஊருக்கே இருந்தது. கொள்ளேகாலில் இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, வைத்தியம் ஒன்றும் தெரியாது. அது அவளை ஒருநாளும் தடுத்ததில்லை. "புள்ளைக்கு வாழப்பழம் குடுத்தீங்களா? குடுத்திருப்பீங்க, எனக்குத் தெரியும்" என்று போனில் சொன்னாள். வாழைப்பழம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித் தயிர் நின்றது. சாம்பிராணி நின்றது. பூனைதான் காரணம் என்றார் மாமா. அவரே என் பூனையைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய் நஞ்சன்கூடு சாலையில் எங்கேயோ விட்டுவிட்டு வந்து, பெரிய சேவை செய்தவர் போலக் காப்பி கேட்டுக் குடித்தார். பூனை போன அன்றைக்கும் சாயங்காலம் விசில் அடித்தது.

அம்மா வீட்டைத் துடைத்தே தேய்ந்துபோனாள். தலையணையை வெயிலில் போடுவாள், பாயை உதறுவாள், ஜன்னல் கம்பியைக்கூட ஈரத்துணியால் துடைப்பாள். அதற்கும் அடங்காதபோது பழி அவள் மேலேயே விழுந்தது. "எங்க பக்கம் ஒருத்தருக்கும் இந்த இழுப்பு கெடையாது. உங்கூட்டுல யாருக்கோ இருந்திருக்கோணும். கல்யாணத்தப்ப மறச்சுப்போட்டீங்க" என்றாள் ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, அம்மாவின் முகத்துக்கு நேராக. அம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். நான் அம்மாவாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பள்ளி விடுமுறைக்கு என்னை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே இருந்தவரை ஒருமுறைகூட இழுக்கவில்லை. அத்தை தினமும் ஏதோ ஒரு கசப்புக் கஷாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றியதால், பெருமை முழுவதும் அவளுக்குப் போயிற்று. "என்ற கை மருந்துக்கு முன்னால டாக்டரு என்னத்துக்கு?" என்று தெருவெல்லாம் சொன்னாள். மைசூர் திரும்பிய அன்று சாயங்காலமே விசில் வந்துவிட்டது. உடனே குற்றம் மைசூர்க் குளிருக்கு மாறியது. அத்தை வீட்டில் என்ன இருந்தது என்று எல்லாரும் ஆராய்ந்தார்கள். என்ன இல்லை என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அப்பா இல்லை.

அப்பாவுக்குப் பட்டுப்பூச்சி முட்டை தயாரிக்கும் கூடத்தில் வேலை. விவசாயிகள் வாங்கிப்போய்ப் புழு வளர்க்கும் முட்டை அங்கேதான் தயாராகும். கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் பூச்சிகளை ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து வைப்பது, பிறகு பிரிப்பது, பெண்பூச்சியை அட்டையில் முட்டையிட விடுவது, இதுதான் அவர் நாள் முழுக்கச் செய்தது. ஓர் அறை நிறையப் பூச்சிகள் சிறகை அடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நான் சந்துக்கு ஓடுவேன். அவர் என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொள்வார். அவர் சட்டையில் மாவு மாதிரி ஒன்று படிந்து மினுங்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். முகத்தை அதில் நன்றாகத் தேய்த்துக்கொள்வேன்.

ஒருநாள் அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அன்று எனக்கு ஒன்றும் இல்லை, சும்மா காட்டிவிட்டு வரத்தான். டாக்டர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருப்பதாகச் சொல்லி எனக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அப்பா வேலையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டார். "என்னம்மிணி, டாக்டரு ஊசி போட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கினார். நான் வழக்கம்போல முகத்தைத் தேய்த்தேன்.

மிட்டாய் கரைவதற்குள் விசில் வந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை அப்பாவிடமிருந்து பிடுங்கி மேஜையில் உட்காரவைத்து, மூக்கில் முகமூடியை மாட்டி மெஷினைப் போட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏனு கெலச மாடுத்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். என்ன வேலை என்று அப்பா சொன்னார். டாக்டர் எழுந்து வந்து, அப்பாவின் தோளில் ஒரு விரலால் கோடு இழுத்தார். விரலை விளக்கடியில் பிடித்தார். விரல் நுனி மினுங்கியது.

"நீங்க வெளிய போங்க" என்றார் தமிழில். "இப்பவே போங்க. பிள்ளை பக்கத்தில நிக்காதீங்க."

அம்மா வாயில் கை வைத்தாள். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி பின்னாலேயே நடந்து வெளியே போனார். நான் கையை நீட்டினேன். அம்மா அதைப் பிடித்து இறக்கினாள். அதற்குப் பிறகு டாக்டர் அம்மாவிடம் என்ன சொன்னார் என்பது மெஷின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பூச்சியின் சிறகிலிருந்து உதிரும் தூசி அது, அப்பா அதைத் தினமும் உடம்பில் சுமந்து வந்து எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், இவ்வளவுதான் விஷயம். வீட்டில் எல்லாருக்கும் சொன்னார்கள். அத்தை ஒரு வாரம் போன் செய்யவில்லை. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

வாழைப்பழம் சாப்பிடாதே, தண்ணீரில் ஆடாதே, பூனையைத் தொடாதே என்று ஆயிரம் சொன்னவர்கள், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. இதற்கு நான் இன்னும் யாரையும் மன்னிக்கவில்லை. சொல்லாதே என்று தடுத்தது அப்பாதானாம். நான் வேலைக்குப் போன பிறகு அம்மா சொன்னாள். "அதுகிட்டச் சொல்லிப்போடாத. அப்பனாலதான் இழுக்குதுன்னு தெரிஞ்சா என்னைக் கண்டாலே பயந்துக்கும்" என்றாராம். என்ன புத்தியோ!

மறுநாளிலிருந்து அப்பா முன்வாசல் வழியாக வருவதை நிறுத்திவிட்டார். தகரக் கதவு வழியாகப் பின்கட்டுக்குப் போவார். சட்டையைக் கழற்றி, மூடி போட்ட வெறும் வாளிக்குள் திணிப்பார். தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். முதல்நாள் நான் ஓடினேன். "கிட்ட வராத! அங்கயே நில்லு!" என்று கத்தினார். அதற்கு முன் அவர் என்னிடம் கத்தியதே இல்லை. குளித்து வந்த பிறகும் என்னைத் தூக்கவில்லை. உடம்பில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்ற பயம். அறையின் அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்பார், விருந்தாளி கேட்பது மாதிரி.

என் மூச்சு சரியாகிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஏழு வயதில் எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. சீக்குப் பிள்ளையை அப்பாவுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு சாயங்காலம் அவர் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டுக்குப் போய் வாளி மூடியைத் திறந்து சட்டையை எடுத்தேன். துவைக்கும் கல்லின் மறைவில் உட்கார்ந்து, தலையோடு போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி முகத்தைப் புதைத்தேன். அப்பா வாசனை அடித்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விசில் வந்தபோது நான் பயப்படவில்லை, அது பழகினதுதான். விசில் அடித்தால் காற்று கொஞ்சமாவது போய் வருகிறது என்று அர்த்தம். அன்று கொஞ்ச நேரத்தில் விசிலும் நின்றுவிட்டது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது, சத்தமே இல்லை. துண்டு கொடுக்க வந்த அம்மா என்னைப் பார்த்துப் போட்ட அலறலில் குளியலறைக் கதவு திறந்தது.

அப்பா இடுப்பில் ஈரத்துணியோடு ஓடி வந்தார். என் தலையிலிருந்த சட்டையை உருவிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார். என்னைத் தூக்கிக்கொண்டு அப்படியே தெருவில் ஓடினார். காலில் செருப்பில்லை, காதில் சோப்பு நுரை. பின்னால் அம்மா பம்பை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மெயின் ரோட்டில் ஓர் ஆட்டோக்காரர் இருந்த சவாரியை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

"எதுக்கு எடுத்த அம்மிணி? எதுக்கு எடுத்த?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் அப்பா. எனக்குப் பேச வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் திறந்தபோது அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். யாரோ ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்திருந்தார்கள், அதைப் போர்த்தியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. முகமூடியைத் தள்ளிவிட்டு, "நீங்கதான் தூக்கவே மாட்டீங்கறீங்களே" என்றேன்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சத்தம் போட்டு அழுதார். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள், பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் நல்ல சட்டையை நான் பாழாக்கிவிட்டேன், அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.

"இனிமே உங்க சட்டையத் தொடவே மாட்டேனுங்கப்பா" என்று சொன்னேன்.

அவர் அழுகை நிற்கவில்லை. அதிகமாயிற்று.