ரெக்கார்டரை அணைத்த பிறகு சொன்னது

தோஹாவில் நஜ்மா என்ற பகுதியில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். ஒரு நாள் பல்வலியோடு ஒரு பெண் வந்தாள். பெயரைப் பார்த்துத் தமிழில் பேசினேன். வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள். பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது ஜெர்மனி. ஐரோப்பாவின் சில நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, வளைகுடாவுக்கு வேலைக்கு வந்த பெண்களின் வரலாற்றை எழுதுகின்றன, அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றாள்.

“உங்கட கதையையும் சொல்லுவீங்களோ அக்கா?”

அதுவரை என் கதையை யாரும் கேட்டதில்லை. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் என் ரூமுக்கு வருவாள். ரெக்கார்டரை மேசையில் வைத்துக் கேள்வி கேட்பாள். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தது, முதலில் ஒரு கத்தாரி வீட்டில் பிள்ளை பார்க்க வந்தது, இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் படித்து கிளினிக்குக்கு மாறியது எல்லாம் சொன்னேன். பேச்சு முடிந்ததும் சாப்பாடு. நான் வைக்கும் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு என் கட்டிலிலேயே தூங்கிப்போவாள். எனக்கு ஒரு தங்கை கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவள் ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, என்னோடு பாத்திரம் கழுவ வந்தாள்.

“ஊரோட போய் இருக்க விருப்பம் இல்லையோ அக்கா?”

“யாருகிட்டயும் சொல்லாத,” என்றேன். “லீவுல போனா எப்படா திரும்பி வருவோம்னு இருக்கும். என் மக என்னப் புடிச்சிக்கிட்டு அழுவா. நானும் அழுவேன். ஆனா பிளைட்ல ஏறி ஒக்காந்ததும் ஒரு நிம்மதி வரும் பாரு. என் ரூம், என் சாவி, என் வெள்ளிக்கிழமை.”

ஈரக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். “விளங்குது அக்கா.”

அவள் ஜெர்மனிக்குத் திரும்பி வெகுநாள் கழித்துப் புத்தகம் வந்தது. லிங்க் அனுப்பியிருந்தாள். அரசாங்கங்களின் பணத்தில் செய்த ஆராய்ச்சியாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாமாம். நான் ட்யூட்டியில் இருந்தேன். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, கண்டியில் கேம்பஸில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு அதை அப்படியே அனுப்பினேன். ‘அம்மா புத்தகத்துல வந்திருக்கேன்’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு.

பதில் வரவில்லை. மறுநாள் நான்தான் கூப்பிட்டேன்.

“நீங்க அத படிச்சீங்களா?” என்றாள் மகள்.

“இன்னும் இல்லம்மா.”

“படிச்சிட்டுப் பேசுங்க.” வைத்துவிட்டாள்.

படித்தேன். அந்தப் பெண் என் பெயரை மாற்றியிருந்தாள். ஆனால் நஜ்மா இருந்தது, பல் கிளினிக் இருந்தது, ஹட்டன் இருந்தது, கண்டியில் படிக்கும் ஒரே மகளும் இருந்தாள். ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்குப் பெயர் எதற்கு? பிளைட்டில் வரும் நிம்மதி ஒரு முழுப் பத்தியாக இருந்தது. மகள் அழுவதும் அதில் இருந்தது. குழாயில் தண்ணீர் ஓடியதைக்கூட எழுதியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டதை மட்டும் எழுதவில்லை.

ஜெர்மனிக்கு அவளுக்குப் போன் போட்டேன். “யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்ல? ரெக்கார்டர நிப்பாட்டுன பொறகு சொன்னது அது.”

“பேர் மாத்தினனான் தானே அக்கா. பாக்கிறது, கேக்கிறது எல்லாத்தையும் குறிச்சு வைக்கிறதுதான் எங்கட முறை. நீங்கள் ஆராய்ச்சிக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

“என் கட்டில்ல நீ தூங்குனதும் ஆராய்ச்சியா?”

என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “அந்தப் பகுதிதான் அக்கா எல்லாருக்கும் பிடிச்சது,” என்றாள்.

“அத எடுத்துரு.”

“மற்ற நாட்டு ஆக்களிட்டயும் கேக்கவேணும். கேட்டுச் சொல்லுறன்.”

சொல்லவே இல்லை. அந்தப் பத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது, மகளும் நானும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில், கினிகத்தேனை தாண்டியதும் கேட்டாள்.

“உண்மையாம்மா அது?”

அந்தப் பிள்ளை இல்லாததைக் கூட்டி எழுதிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்ப விரும்பியிருப்பாள்.

“உண்மைதான்,” என்றேன்.

“அப்ப அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவங்க யாரு உங்களுக்கு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது பேசிக்கொள்கிறோம். சாப்பாடு, பரீட்சை, மழை. கிளினிக்கில் கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி அன்பானவள். என் முகம் வாடியிருந்தால் என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை, தலைவலி என்று சொல்லிவிடுகிறேன்.